காடிலாக்கின் பெருமை யாருக்குச் சொந்தம்?

அமெரிக்க ஜனாதிபதி ஏறிவரும் காருக்கு அவர்கள் நாட்டுப் பத்திரிகைகளே "மிருகம்" என்று பெயர் வைத்திருக்கின்றன. 2020 பிப்ரவரி 24ந் தேதி டிரம்ப் அகமதாபாத்துக்கு வந்தபோது அந்த மிருகமும் விமானத்தில் ஏறி வந்து இறங்கியது. அது ஒரு காடிலாக் கார். விமான நிலையத்துச் சாலையோரம் சரணியாவாஸ் என்ற குடிசைப் பகுதி இருக்கிறது. கார் வருவதற்குச் சில நாட்கள் முன்னால் அந்தக் குடிசைகளை மறைத்து ஒரு சுவர் எழும்பியது. ஆக்கிரமிப்பைத் தடுக்க முன்பே திட்டமிட்ட சுவர்தான் இது என்று மாநகராட்சி சமாதானம் சொன்னது. இருக்கட்டும். விருந்தாளி வரும் வாரத்தில்தான் கொத்தனாருக்கு இவ்வளவு அவசர வேலை வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

முத்தியால்பேட்டை இளைஞர்கள் கைபேசியில் இந்தக் காரின் படத்தைப் பார்த்து வியக்கிறார்கள். வியப்பதில் தப்பில்லை. நல்ல மிஷினைக் கண்டால் தொழிலாளியின் கண் அங்கே நிற்கத்தான் செய்யும். ஆனால் உலகமே வாயைப் பிளக்கும் அந்தப் பெருமையை உண்டாக்கியது யார், அனுபவித்தது யார் என்ற கணக்கையும் புரட்டிப் பார்க்க வேண்டாமா? நூற்றிருபது வருஷத்துக்கு மேற்பட்ட கணக்கு அது. அதில் நம் புதுச்சேரிக்கும் பற்று வரவு இருக்கிறது.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். காடிலாக் என்பது ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர். அதுவும் அவருடைய சொந்தப் பெயரல்ல. தென் பிரான்சில் கஸ்கோனிச் சீமையில் 1658இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அந்துவான் லோமே. கடல் தாண்டி வட அமெரிக்காவுக்குப் போனதும் இந்த ஆசாமி "லமோத் காடிலாக்" என்று பிரபுப் பட்டம் ஒன்றைத் தானே சூட்டிக்கொண்டார். குலச் சின்னமும் தானே ஜோடித்துக்கொண்டார். 1701இல் டெட்ராயிட் கோட்டையை நிறுவி, அங்கே சாராயத்திலும் மிருகத் தோல் வியாபாரத்திலும் கொள்ளை லாபம் அடித்ததாகப் புகாருக்கு ஆளானார். பிற்பாடு பாரிசின் பாஸ்டில் சிறையிலும் சில மாதம் இருந்தார். 1902இல் டெட்ராயிட் நகரில் கார்க் கம்பெனி தொடங்கிய கனவான்கள் இந்தப் பொய்ப் பட்டத்தையும் பொய்ச் சின்னத்தையும் பொறுக்கியெடுத்து, காரின் முகப்பில் பதித்தார்கள். இன்றைக்கும் அந்தச் சின்னத்தின் மிச்சம் காரில் இருக்கிறது.

அதே பதினான்காம் லூயி மன்னனின் காலத்தில்தான், பிரான்சுவா மார்த்தேன் டச்சுக்காரரிடமிருந்து புதுச்சேரியைத் திரும்பப் பெற்று இங்கே வந்து இறங்கினார். அது 1699. டெட்ராயிட் கோட்டைக்கு இரண்டே வருஷம் முந்தி. அங்கே காட்டு ஜனங்களின் தோல், இங்கே நெசவாளியின் துணி. கல்லாப்பெட்டி ஒன்றே.

கம்பெனியை நடத்திய ஹென்றி லேலண்ட் வெறும் பணமூட்டையல்ல. துப்பாக்கித் தொழிற்சாலைகளில் மிஷின் வேலை பழகியவர். 1908இல் இங்கிலாந்தில் ஒரு பரீட்சை நடந்தது. மூன்று காடிலாக் கார்களை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, சாமான்களைக் கலந்துபோட்டு, மறுபடி மூன்று கார்களாகப் பூட்டி, 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். ஸ்பின்னிங்கில் வேலை பார்த்த தோழர்களுக்கு இதன் அருமை சட்டென்று விளங்கும். ஒரு பிரேமில் ஸ்பிண்டில் பழுதானால் ஸ்டோரிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டுகிறோம். அரம் போட்டு ராவிக்கொண்டிருப்பதில்லை. அந்தக் காலத்துக் காருக்கு அது புதுமை. "உலகத்துக்கே அளவுகோல்" என்று கம்பெனி தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

அந்த அளவை இரும்பில் கொண்டுவந்து நிறுத்தியது லேத்துக்கு முன்னால் நின்ற தொழிலாளியின் கண்ணும் கையும். அந்தக் கை யூனியன் சந்தா சீட்டைத் தொட்டால் மட்டும் லேலண்டுக்குப் பொறுக்காது. 1902இல் யூனியனுக்கு எதிராகக் கூடிய டெட்ராயிட் முதலாளிகள் சங்கத்தின் முன்னணியில் நின்றவர்களில் அவரும் ஒருவர். 1909இல் காடிலாக் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்குக் கைமாறியது. கையால் சுற்றிக் கிளப்பும் வேலையை ஒழித்து, மின்சாரத்தால் தானே கிளம்பும் காரை 1912இல் கொண்டுவந்ததும் காடிலாக்தான். எத்தனையோ டிரைவர்களின் மணிக்கட்டு அதனால் பிழைத்தது. நல்லதை நல்லதென்றே சொல்வோம். (லேலண்ட் 1917இல் விலகி லிங்கன் என்ற இன்னொரு ஆடம்பரக் காரைத் தொடங்கினார். 1922இல் அது போர்டு கம்பெனியிடம் போயிற்று. 2022இல் மறைமலைநகரில் கார் உற்பத்தியை நிறுத்தித் தொழிலாளரைத் தெருவில் விட்டது இந்தப் போர்டு கம்பெனியே.)

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1930 ஜனவரியில் காடிலாக் கம்பெனி 16 சிலிண்டர் இஞ்சின் வைத்த காரைக் கொண்டுவந்து நிறுத்தியது! டெட்ராயிட்டில் வேலையிழந்தவர்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற நேரம் அது. பத்து வருஷத்தில் அந்தப் பதினாறு சிலிண்டர் கார் நாலாயிரத்துச் சொச்சம்தான் போயிற்று.

அப்போது நடந்த ஒரு சங்கதியை நம் கிராமத்துத் தோழர்கள் கவனிக்க வேண்டும். கறுப்பு மக்களுக்குக் காடிலாக் விற்பதில்லை என்பது கம்பெனியின் கொள்கையாக இருந்தது. அவர்கள் ஏறினால் காரின் மதிப்பு போய்விடுமாம். காசு வைத்திருந்த கறுப்பு டாக்டரும் குத்துச்சண்டை வீரரும் ஒரு வெள்ளைக்காரனுக்குக் கமிஷன் கொடுத்து அவன் பெயரில் வாங்க வேண்டியிருந்தது. நிர்வாகவியல் எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் இதை எழுதி வைத்திருக்கிறார். வியாபாரம் படுத்து, காடிலாக்கையே மூடிவிடலாமா என்று மேலிடம் யோசித்தபோது, நிக்கலஸ் டிரேஸ்டாட் என்ற அதிகாரி, கறுப்பு மக்களுக்கு நேரடியாக விற்கலாம் என்று வாதாடினாராம். விற்றார்கள்; பெயர் பிழைத்தது. மனம் திருந்தி விற்கவில்லை, கல்லா காலியானதால் விற்றார்கள்.

சைக்கிளில் ஏறி ஊர்த் தெரு வழியே போகாதே, இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று சேரித் தோழர்களை மிரட்டிய மிராசுதார்களை நாம் அறிவோம். புல்லட் வாங்கி ஓட்டினால் வயிறெரிகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு சாமானின் "மதிப்பு" என்று இவர்கள் பேசுவதில் பாதி, அது யாருக்குக் கிடைக்கக் கூடாது என்ற பட்டியல்.

இனி 1936க்கு வருவோம். அந்த வருஷம் ஜூன் மாதம் பிரான்சில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். ஜூலையில் புதுச்சேரி சவானா ஆலைத் தொழிலாளர்கள் உள்ளே உட்கார்ந்தார்கள். ஜூலை 30ந் தேதி பிரெஞ்சு சர்க்காரின் துப்பாக்கி 12 தோழர்களைச் சாய்த்தது. அது நம் வீட்டுக் கதை, வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குச் சரியாக ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் 30ந் தேதி, அமெரிக்காவின் பிளிண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள் உட்கார்ந்தார்கள். 1937 ஜனவரி 8ந் தேதி டெட்ராயிட் காடிலாக் ஆலையிலும், அதற்குக் கூடு செய்யும் பிளீட்வுட் ஆலையிலும் உட்கார்ந்தார்கள்.

அவர்கள் ஏன் உட்கார்ந்தார்கள்? பட்டையின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனான் முதலாளி. மூச்சுவிட நேரமில்லை. யூனியன் என்று முணுமுணுத்தால் மறுநாள் வேலை இல்லை; ஆலைக்குள் வேவுகாரர்களைக் கம்பெனி காசு கொடுத்து வைத்திருந்ததை அமெரிக்க செனட் கமிட்டியே அம்பலப்படுத்தியது. ஜனவரி 11ந் தேதி இரவு பிளிண்டில் போலீஸ் கண்ணீர்ப் புகையும் துப்பாக்கியுமாக வந்தது. உள்ளே இருந்தவர்கள் தண்ணீர்க் குழாயைத் திருப்பினார்கள், காரின் கதவுக் கீல்களை எடுத்து வீசினார்கள். வெளியே பெண்கள் அணி திரண்டார்கள். பேச்சு நடத்துகிறோம், வெளியேறுங்கள் என்றது கம்பெனி. அதை நம்பிக் காடிலாக் தோழர்கள் ஜனவரி 16ந் தேதி வெளியே வந்தார்கள். கம்பெனி வாக்குப் பிசகப் போகிறது என்று தெரிந்ததும் பிளிண்ட் தோழர்கள் அசையவில்லை. 44 நாள்! பிப்ரவரி 11ந் தேதி உலகத்தின் பெரிய கார்க் கம்பெனி யூனியனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது. அதே 1937இல் பிரெஞ்சிந்தியத் தொழிலாளிக்கு 8 மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் சட்டமாயிற்று. சவானாத் தொழிலாளியும் காடிலாக் தொழிலாளியும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை.

யுத்தம் வந்ததும் காடிலாக் ஆலையில் டாங்கி உருண்டது. இரண்டு காடிலாக் இஞ்சின்கள் பூட்டிய "சேபி" டாங்கிகளைப் பின்னால் அமெரிக்கா நேசர்களுக்கெல்லாம் வாரி வழங்கியது. வியட்நாமில் தியன்பியன்பூ பள்ளத்தாக்குக்குப் பிரெஞ்சு ராணுவம் 10 சேபி டாங்கிகளைக் கழற்றி விமானத்தில் கொண்டுபோய்ப் பூட்டி நிறுத்தியது. சைக்கிளில் அரிசி சுமந்து வந்த விவசாயிகளின் படையிடம் 1954 மே 7ந் தேதி அந்தக் கோட்டை விழுந்தது. அதே வருஷம் நவம்பர் 1ந் தேதி புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி மூட்டை கட்டியது. 1971இல் கரீப்பூர்ச் சண்டையில் பாகிஸ்தான் கொண்டுவந்ததும் இதே சேபிதான். நம் ஜவான்கள் சோவியத் டாங்கிகளைக் கொண்டு அவற்றை நொறுக்கினார்கள்.

போர் விமானத்தின் வாலைப் பார்த்துக் காருக்கும் வால் வைத்தார்கள், 1948இல். 1959இல் அந்த வால் மேலும் ஓங்கி வளர்ந்தது. வாலால் வண்டி ஓடுமா? ஓடாது. பக்கத்து வீட்டுக்காரன் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் வில்சன் ராணுவ மந்திரியாகப் போனது 1953இல். நாட்டுக்கு நல்லது கம்பெனிக்கு நல்லது, கம்பெனிக்கு நல்லது நாட்டுக்கு நல்லது என்ற பொருளில் செனட்டில் பேசினார். 1982 மாடலாக மலிவு செவர்லே காருக்கே சின்னத்தை மாட்டிச் "சிமரோன்" என்று விற்றுச் சந்தி சிரித்ததும் இந்தக் கம்பெனியே.

நாட்டுக்கு நல்லது என்றால் என்ன என்பதை டெட்ராயிட்டின் போலடவுன் மக்களைக் கேட்க வேண்டும். போலந்திலிருந்து குடியேறியவர்களும் கறுப்பு மக்களும் சேர்ந்து வாழ்ந்த பேட்டை அது. காடிலாக் செய்யப் புது ஆலை வேண்டும், 6,000 பேருக்கு வேலை என்றது கம்பெனி. "பொது நன்மை" என்று நகராட்சி நிலத்தை எடுத்தது. 1981இல் மிச்சிகன் உயர்ந்த நீதிமன்றம் அதைச் சரி என்றது. ஏறத்தாழ 4,200 பேர் பெயர்க்கப்பட்டார்கள். நம் மிஷன் தெரு ஜென்மராக்கினி மாதாவின் பெயரையே கொண்ட அங்குள்ள மாதா கோயிலுக்குள் கிழவிகள் உட்கார்ந்து மறித்தார்கள். போலீஸ் அவர்களை வெளியேற்றியது, கோயில் இடிந்தது. ஆலை 1985இல் திறந்தது. தொடக்க வருஷங்களில் அந்த 6,000ஐ எட்டவில்லை. 2004இல் அதே நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பு தவறு என்றது. 23 வருஷம் கழித்து! வீட்டைத் திருப்பிக் கட்டித் தருவார்களா? சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று சேதராப்பட்டில் நிலம் எடுத்ததையும், அது வருஷக்கணக்காகச் சும்மா கிடந்ததையும் கண்ட விவசாயத் தொழிலாளிக்குப் போலடவுன் அந்நிய ஊரல்ல.

2009 ஜூன் 1ந் தேதி ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானது. சந்தை பார்த்துக்கொள்ளும், சர்க்கார் தலையிடக் கூடாது என்று உலகத்துக்கெல்லாம் பாடம் சொன்ன நாடு ஏறத்தாழ 5,000 கோடி டாலர் ஜனங்களின் வரிப்பணத்தைக் கொட்டி அதைத் தூக்கி நிறுத்தியது. அதில் 1,000 கோடிக்கு மேல் திரும்பவேயில்லை. கம்பெனி பிழைத்தது, ஆனால் புதிதாகச் சேர்ந்த தொழிலாளிக்கு மூத்தவர் கூலியில் ஏறக்குறைய பாதிதான். நம் நாட்டில் தலேகாவ் ஆலையை 2020 டிசம்பரில் நிறுத்தி 1,400க்கு மேற்பட்டவர்களை வெளியே தள்ளியது. பாதிக்கூலி அநியாயத்தை உடைக்க அமெரிக்கத் தொழிலாளி 2023இல் மறுபடி ஸ்டிரைக்கில் இறங்கினான். அக்டோபர் 28ந் தேதி காடிலாக் மின்சாரக் கார் தயாராகும் டென்னசியின் ஸ்பிரிங் ஹில் ஆலை நின்றது. 30ந் தேதி கம்பெனி இறங்கி வந்தது. நாலரை வருஷத்தில் 25 சதம் கூலி உயர்வு.

இங்கே ஏ.எப்.டி. ஆலையில் என்ன நடந்தது? 1986இல் அரசு எடுத்த ஆலை. 2011 டிசம்பரில் தானே புயல் அதை உலுக்கியது. பிறகு லே-ஆப், பாதிச் சம்பளம். 2020 ஏப்ரலோடு கதவடைப்பு. சவானாவின் வாரிசான ஸ்வதேசி ஆலையும், பாரதி ஆலையும் அதே வழியில் போயின. 2024இல் ஏ.எப்.டி. திடலில் தற்காலிகப் பஸ் நிலையம் வைத்தார்கள். நஷ்டத்தில் ஓடும் ஆலைக்கு வரிப்பணத்தைக் கொட்ட முடியாது என்கிறார்கள். காடிலாக்குக்குக் கொட்டலாம், கைலித் துணிக்குக் கொட்டக் கூடாதா?

மூன்று ஆலைகளையும் ஓட்ட எத்தனை ரூபாய் வேண்டும், அந்த நிலத்தை என்ன செய்ய உத்தேசம், தொழிலாளிக்கு இன்னும் தர வேண்டிய பாக்கி எவ்வளவு என்ற மூன்று கணக்கையும் அரசு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். இந்த ஜூலை 30 தியாகிகள் தினத்துக்கு முன்னால் வைக்க வேண்டும்.