மலைமேல் மூச்சு

நமது ஆரணி கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 500 அடி உயரத்தில் இருக்கிறது. லடாக்கிலுள்ள லே நகரமோ 11,500 அடி. டில்லியில் விமானம் ஏறுகிறவர் ஒன்றரை மணிக்குள் அங்கே இறங்கிவிடுகிறார். தேகம் அவ்வளவு விரைவாக வந்து சேர்வதில்லை.

மலைமேல் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவதாகப் பலர் எண்ணுகிறார்கள். விகிதம் எங்கும் நூற்றுக்கு 21 பங்குதான். குறைவது காற்றின் அழுத்தம். லேயில் அது இங்குள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைகிறது. மூச்சையும் நாடியையும் துரிதப்படுத்தி உடல் ஈடுசெய்யப் பார்க்கிறது. பழகுவதற்குச் சில நாள் வேண்டும். அவகாசம் கொடாவிடில் தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை.

“திடகாத்திரனுக்கு என்ன பயம்?” என்பது வீண் பேச்சு. 1962ம் வருஷத்துச் சீன யுத்தத்தின்போது சமவெளியிலிருந்து திடீரென்று மலைமேல் கொண்டுபோகப்பட்ட நம் வீரர்கள் பலர் இந்நோய்க்கு ஆளானார்கள். இந்தர் சிங் முதலிய நம் ராணுவ வைத்தியர்கள் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969ல் வெளியிட்ட கட்டுரை உலகப் பிரசித்தமானது.

லே சேர்ந்ததும் இரண்டு நாள் ஓய்வாக இருங்கள். 17,500 அடிக்கு மேற்பட்ட கர்துங் கணவாயை அப்புறம் பார்க்கலாம். மதுவும் தூக்க மாத்திரையும் ஆகா. அஸெட்டஸோலமைட் மாத்திரையைப் பற்றிப் புறப்படுமுன்பே குடும்ப வைத்தியரைக் கேளுங்கள். வயோதிகர் உடன் வந்தால் அவசியம் கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலும், நடை தள்ளாடினாலும், பேச்சுக் குழறினாலும், விடியட்டும் என்று காத்திராமல் நோயாளியை உடனே கீழே இறக்க வேண்டும். லே நகரிலேயே நேர்ந்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு! கட்டிய பணம் வீணாகிறதே என்று அந்த வேளையில் கணக்குப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.