நாற்று வேர்பிடிக்கும் வரை

தொடர்ந்து தோற்கும் ஓர் அணியில் முதலில் மாற்றப்படுபவர் பெரும்பாலும் பயிற்சியாளரே. பதினொரு வீரர்களை ஒரே நாளில் மாற்ற இயலாது. ஒருவரை மாற்றுதல் எளிது. ஆயினும் எளிய செயல்கள் எல்லாம் சரியான செயல்கள் ஆகிவிடா. நலிந்த அணியைச் சீரமைக்க வந்த புதிய பயிற்சியாளருக்குக் காலம் தருதல் வேண்டும். அக்காலத்தில் அவர் செய்யும் பணியை உற்றுநோக்குதலும் வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்ததே பொறுமை.

இதற்கு இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் கழகம் தக்க சான்றாகும். அங்கு அணியின் தலைமைப் பயிற்சியாளரை மேலாளர் என அழைப்பது வழக்கமாக இருந்தது. 1986 நவம்பரில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்ஸ் பெர்குசன் மேலாளராகப் பொறுப்பேற்றபோது, 22 அணிகள் கொண்ட முதற்பிரிவில் அக்கழகம் 21ஆம் இடத்தில் இருந்தது. அவர் தலைமையில் ஆடிய முதல் ஆட்டமும் தோல்வியிலேயே முடிந்தது. 1988இல் இரண்டாம் இடத்திற்கு உயர்ந்த அணி, மறு ஆண்டே பதினோராம் இடத்திற்குச் சரிந்தது. 1989 செப்டம்பரில், அதே நகரத்து அணியான மான்செஸ்டர் சிட்டியிடம் 5–1 என்ற கோல் கணக்கில் தோற்றது. அவர் விலக வேண்டும் என்று ரசிகர்கள் அரங்கிலேயே பதாகை பிடித்தனர்.

கழகம் அவரை விலக்கவில்லை. புள்ளிப் பட்டியலில் தெரியாத மாற்றங்கள் பல அங்கு நிகழ்ந்துகொண்டிருந்தன. வீரர்களிடையே பரவியிருந்த மதுப் பழக்கத்தை அவர் கண்டித்தார். உடற்தகுதியையும் ஒழுங்கையும் வலியுறுத்தினார். திறமையுள்ள சிறுவர்களைத் தேடிக் கண்டறியும் பணியை விரிவாக்கினார். இத்தகைய பணியின் பயன் மறுவாரமே கிட்டுவதன்று. 1987இல் 14 வயதில் கழகத்தில் சேர்க்கப்பட்ட ரயன் கிக்ஸ், முதல் அணிக்காகக் களமிறங்கியது 1991இல்தான். இடையில் பெர்குசன் நீக்கப்பட்டிருந்தால், அவர் நட்டதன் பயனை அவரே காணும் வாய்ப்பு இருந்திராது. 1990இல் எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது. 1993இல், 26 ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டம் கிடைத்தது. 2013இல் அவர் ஓய்வு பெற்றபோது லீக் பட்டங்கள் மட்டும் 13.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்திய அணி யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்றது. பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம். அப்படுதோல்வியோடு அவர் காலம் முடிந்துவிடவில்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அணி மீண்டும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டு, நான்காம் இடம் பெற்றது. அவ்வணியின் இளம் வீரர்களுள் ஒருவரான துளசிதாஸ் பலராம், செகந்தராபாத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1962இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் ரகீமே பயிற்சியாளர், பலராமும் ஆடினார். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் தோற்ற இந்தியா, இறுதி ஆட்டத்தில் அதே தென் கொரியாவை 2–1 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது.

காலம் கொடுத்தால் எல்லாப் பயிற்சியாளரும் வெல்வர் என்று கூறுவதற்கில்லை. பயிற்சியில் ஒழுங்கு இல்லை, இளையோருக்கு இடம் இல்லை, செய்த பிழையே மீண்டும் மீண்டும் நிகழ்கிறது என்றால் அவரை மாற்றுவதே முறை. ஆனால் அம்முடிவைப் பயிற்சிக் களத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு மாலை நேரத்துக் கோல் கணக்கை மட்டும் பார்த்து எடுத்தல் கூடாது.

வேர்பிடித்ததா என்று அறிய, நட்ட நாற்றை நாள்தோறும் பிடுங்கிப் பார்க்கும் உழவர் இல்லை. வயலில் நீர் நிற்கிறதா, களை மண்டுகிறதா என்றே அவர் பார்ப்பார். பள்ளி அணியாயினும் நாட்டு அணியாயினும், ரசிகர்கள் கற்கவேண்டிய பொறுமை அதுவே.

சிந்தித்து எழுதுக

1. பெர்குசன் செய்த பணிகளுள் உடனே பயன் தராதவை எவை?
2. உங்கள் பள்ளி அணி தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் தோற்றால், பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்பீர்களா? காரணம் கூறுக.