லைன் போனாலும் அரிசி கிடைக்க வேண்டும்

2025 ஆகஸ்ட் 31, மலேசியாவின் தேசிய தினம். 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் அத்தியாவசியச் சாமான் வாங்க அரசு தந்த 100 வெள்ளி 'சாரா' உதவி அன்றுதான் தொடங்கியது. சுமார் 2 கோடியே 20 லட்சம் பேருக்கான உதவி. முதல் நாளே சிஸ்டம் திணறியது.

ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டார மளிகைக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதுகிறவன் நான். சர்வர் திணறியதில் எனக்குக் கோபமில்லை. அத்தனை பேர் ஒரே நாளில் வந்தால் எதுவும் திணறும். தூரத்து டேட்டாபேஸ் பதில் சொல்லாவிட்டால், "அப்புறம் வாங்க" என்பதைத் தவிரக் கடைக்காரருக்கு வேறு வழி இல்லாததுதான் உறுத்துகிறது.

ஈப்போவில் இருப்பவருக்கு அப்புறம் வருவது சின்னத் தொல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டத்தில், இன்னும் லயத்து வீட்டில் இருக்கும் பாட்டிக்கு அப்படியில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் மோட்டார் சைக்கிளைக் கெஞ்சி வாங்கிய பயணம் அது.

அந்த உதவியில் சாமான் வாங்க, மைகார்டு என்ற அடையாள அட்டையைக் கடை மெஷினில் செருகியதும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஆள் யார்? அதை அட்டையின் சிப்பே சொல்லும், இணைய லைன் வேண்டாம். மிச்சம் எவ்வளவு? அது மட்டும்தான் தூரத்தில் இருக்கிறது. ஆகவே லைன் இல்லாத நேரத்தில் 30 வெள்ளி வரை சாமான் கொடுத்துவிட்டு, கடை மெஷினிலேயே குறித்துவைத்து, லைன் வந்ததும் அனுப்பலாம். அந்தக் காலத் தோட்டக் கடைக்காரர் 555 என்ற கடன் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி அளந்ததும் இதுதான். (சிலர் கூட்டியும் எழுதினார்கள், அது வேறு கதை.)

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தால், பணம் கழிந்ததா இல்லையா என்று கடை மெஷினுக்குத் தெரியாது. காசாளர் மறுபடி அழுத்துவார். இரண்டு முறை கழியும். ஒவ்வொரு பில்லுக்கும் கடையே ஒரு தனி எண் கொடுத்து, மறுமுறையும் அதே எண்ணையே அனுப்பினால், "இது ஏற்கெனவே வந்தது" என்று சர்வர் கண்டுகொள்ளும். நிரல் எழுதுகிறவருக்கு இது பெரிய வேலையில்லை. ஆனால் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். ஓடுகிற சிஸ்டத்தில் பிறகு ஒட்டுப்போடுவது நரகம்.

ஏமாற்ற மாட்டார்களா என்பார்கள். மிச்சம் தீர்ந்த ஒருவர் லைன் இல்லாத ஒரு கடையில் வாங்கினால் போவது அதிகபட்சம் 30 வெள்ளி. அந்த நட்டத்தைக் கடைக்காரர் தலையில் கட்டாமல் நிதி அமைச்சு ஏற்க வேண்டும். இந்தச் சிக்கல் சாராவோடு நிற்கப் போவதில்லை. சாரா தொடங்கி ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 30 முதல், லிட்டர் 1.99 வெள்ளி மானியப் பெட்ரோலுக்கும் இதே மைகார்டு என்றாகிவிட்டது. அட்டையை நம்பி நிற்கும் வரிசை நீண்டுகொண்டேதான் போகிறது.