தாமதமே பெருஞ்செலவு

புணே நகரின் வடகிழக்கு ஓரத்தில் லோகேகாவ் விமானப்படைத் தளம் அமைந்திருக்கிறது. ரஷியாவிடமிருந்து வாங்கப்பட்ட சுகோய்-30 ரகப் போர் விமானங்கள் 1997-இல் முதன்முதலாக நமது படையில் சேர்க்கப்பட்டது அங்குதான். அதே மாநகரப் பரப்பின் வடமேற்குக் கோடியில், பிம்ப்ரி - சிஞ்ச்வட் தொழிற்பேட்டைகளை ஒட்டி இருக்கிறது நிக்டி. தொழிலாளர்களும் நடுத்தர வருவாய்ப் பிரிவினரும் வாழும் அந்தப் பகுதிக்கு மெட்ரோ ரயில் பாதையை நீட்டிக்க மத்திய அரசு 2023 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. பாதையின் நீளம் சுமார் 4.4 கி.மீ. திட்ட மதிப்பீடு ரூ. 910 கோடி.

விபத்துகளில் இழந்த சுகோய் விமானங்களை ஈடுகட்ட மேலும் 12 சுகோய்-30 விமானங்களைத் தயாரித்துத் தருமாறு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துடன் 2024 டிசம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் செய்துகொண்டது. மதிப்பு சுமார் ரூ. 13,500 கோடி. உடன் வரும் சாதனங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் விமானம் ஒன்றுக்கு ரூ. 1,125 கோடி. அதாவது, ஒரே ஒரு விமானத்துக்கான செலவில் நிக்டிக்கு மெட்ரோ ரயில் பாதையை அமைத்துவிட்டு, ரூ. 200 கோடிக்கு மேல் மிச்சமும் பிடிக்கலாம்.

மெட்ரோ ரயில் வேண்டும், போர் விமானம் வேண்டாம் என்று வாதிடுவதற்காக இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. மேற்கிலும் வடக்கிலும் அணு ஆயுத நாடுகளுடன் எல்லைத் தகராறு உள்ள தேசம், வான்வலிமையை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால், இவ்வளவு பெரிய தொகையைக் கொடுக்கும் மக்களுக்கு, உரிய காலத்தில் உரிய பொருள் கிடைக்கிறதா என்று கேட்கும் உரிமை உண்டு. அந்தக் கேள்விக்கான விடை ஆறுதல் அளிப்பதாக இல்லை.

1963-இல் படையில் சேர்ந்த மிக்-21 விமானங்கள் 62 ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டீகரில் விடைபெற்றன. 1971 போரில் நாட்டுக்குப் பெருமை சேர்த்த விமானம் அது. ஆனால், ஓய்வு பெற்றிருக்க வேண்டிய வயதைத் தாண்டியும் அதைப் பறக்க வைத்ததற்கு நாம் கொடுத்த விலை மிகப் பெரியது. வாங்கப்பட்ட 872 மிக் ரக விமானங்களில் பாதிக்கு மேற்பட்டவை விபத்துகளில் அழிந்ததாகவும், அவற்றில் 171 விமானிகள், பொதுமக்கள் 39 பேர், பிற பணியினர் 8 பேர் உயிரிழந்ததாகவும் 2012-இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோனி நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். எந்த ஒப்பந்தத்தின் மதிப்பிலும் இந்த இழப்பு சேர்வதில்லை.

மாற்று விமானம் தேடும் முயற்சி எப்படி நடந்தது? 126 நடுத்தர ரகப் போர் விமானங்களுக்கு 2007-இல் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. அன்றைய மதிப்பீடு ரூ. 42,000 கோடி. ஐந்தாண்டு சோதனைகளுக்குப் பிறகு 2012 ஜனவரியில் பிரான்ஸின் ரஃபேல் தேர்வானது. மூன்று ஆண்டுகள் பேரம் பேசியும் உடன்பாடு எட்டப்படவில்லை. 2015-இல் அந்த முயற்சி கைவிடப்பட்டு, 2016 செப்டம்பரில் 36 ரஃபேல் விமானங்களுக்கு மட்டும் 787 கோடி யூரோவுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய மதிப்பில் ஏறத்தாழ ரூ. 59,000 கோடி. கடைசி விமானம் வந்து சேர்ந்தது 2022 டிசம்பரில். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு கேட்டது 126, கிடைத்தது 36.

இரண்டு தொகைகளையும் அப்படியே ஒப்பிடுவது நியாயமாகாது. ஆயுதங்கள், உதிரி பாகங்கள், பராமரிப்பு உத்தரவாதம், இந்தியாவுக்கென்றே செய்யப்பட்ட மாற்றங்கள் ஆகியவை பிந்தைய ஒப்பந்தத்தில் அடங்கியுள்ளன. ஒரு ரஃபேலின் விலை சுமார் ரூ. 670 கோடி என்று 2016 நவம்பரில் மக்களவையில் அரசு கூறியது. அதே ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பை 36-ஆல் வகுத்தால் ரூ. 1,640 கோடி வருகிறது. வெறும் விமானம் வேறு, போரிடும் நிலையிலுள்ள விமானம் வேறு என்பதைத்தான் இந்த இடைவெளி காட்டுகிறது. இதை மக்களுக்கு விளக்குவதில் அரசுக்கு என்ன தயக்கம் என்பது புரியவில்லை. 2007-ஆம் ஆண்டு வந்த விலையைவிட இது 2.86 சதவீதம் குறைவு என்று 2019-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை அளித்தார். ஆனால், அந்த அறிக்கையிலேயே விலை விவரங்கள் மறைக்கப்பட்டிருந்தன. ஆளும் கட்சி அதை நற்சான்று என்றது; எதிர்க்கட்சிகள் ஏமாற்று என்றன. இருவர் கூற்றையும் சரிபார்க்கும் வாய்ப்பு குடிமகனுக்குக் கிடைக்கவில்லை.

வெளிநாட்டு விமானம் விலை அதிகம் என்றால் உள்நாட்டில் தயாரிக்கலாமே என்ற யோசனை புதியதல்ல. மிக்-21-க்கு மாற்றாக இலகு ரகப் போர் விமானம் தயாரிக்கும் திட்டத்துக்கு 1983-இலேயே ஒப்புதல் தரப்பட்டது. தேஜஸ் என்று பின்னர் பெயர் பெற்ற அந்த விமானம் முதலில் பறந்தது 2001 ஜனவரியில். அதன் முதல் படைப்பிரிவு உருவானது 2016 ஜூலையில். அதற்கு உள்நாட்டு என்ஜின் தயாரிக்க 1989-இல் ரூ. 383 கோடியில் தொடங்கப்பட்ட காவேரி திட்டத்தின் மதிப்பீடு ரூ. 2,839 கோடியாக உயர்ந்தது. கடைசியில், அந்த என்ஜின் தேஜஸுக்குப் பொருந்தாது என்று 2008-இல் திட்டமே பிரிக்கப்பட்டது. காவேரி என்று பெயர் வைத்ததாலோ என்னவோ, அதுவும் உரிய காலத்தில் வந்து சேரவில்லை.

இதன் பலனை இன்று அனுபவிக்கிறோம். 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் சுமார் ரூ. 48,000 கோடிக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2024-இல் வழங்கல் தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்க நிறுவனம் தர வேண்டிய என்ஜின்களில் முதலாவது வந்ததே 2025 மார்ச்சில்தான். மிக்-21 விடைபெற்ற நாளில்கூட ஒரு மார்க்-1ஏ விமானமும் படையில் சேர்ந்திருக்கவில்லை. அந்த விடைபெறும் நாளுக்கு முந்தைய தினம், மேலும் 97 விமானங்களுக்கு ரூ. 62,370 கோடிக்கு இன்னோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. சராசரியாக விமானம் ஒன்றுக்கு ரூ. 578 கோடியாக இருந்தது நான்கரை ஆண்டுகளில் ரூ. 643 கோடியாகியிருக்கிறது. ரஃபேலுடன் ஒப்பிட்டால் இது இன்னமும் மலிவுதான். ஆனால், மலிவான விமானம் ஓடுபாதைக்கு வராதவரை அந்த மலிவால் பயனில்லை.

இந்தத் தாமதத்தின் சுமை விமானப்படையோடு நின்றுவிடுவதில்லை. முதல் தேஜஸ் மார்க்-1ஏ ஒப்பந்தத்தில் சுமார் 500 இந்திய நிறுவனங்களுக்குப் பங்கு உண்டு என்று அரசு அறிவித்தது. அவற்றில் சிறு, குறு நிறுவனங்களும் அடக்கம். நிக்டியைச் சுற்றியுள்ள பட்டறைகளும், கோயம்புத்தூர், ஒசூர் பட்டறைகளும் நுட்பமான பாகங்களைக் கடைந்து தரும் திறன் படைத்தவை. பாதுகாப்புத் தளவாடத் தொழில் வழித்தடம் என்று கோவையையும் ஒசூரையும் இணைத்துத் தமிழகத்துக்கு அறிவித்திருக்கிறது மத்திய அரசு. கடன் வாங்கி இயந்திரம் போட்டுவிட்டு ஆர்டருக்காகக் காத்திருக்கும் சிறு தொழில்முனைவோருக்கு, ஓராண்டுத் தாமதம் என்பது ஓராண்டு வட்டி.

புதிதாக வாங்குவதில் காட்டும் ஆர்வத்தை இருப்பதைப் பேணுவதில் காட்டுகிறோமா என்பது அடுத்த கேள்வி. சுகோய்-30 விமானங்களில் 75 சதவீதம் எப்போதும் பறக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. உண்மையில் 55 முதல் 60 சதவீதம்தான் தயாராக இருந்தன என்று 2015-இல் தணிக்கை அறிக்கை சுட்டிக்காட்டியது. 200 விமானங்கள் கொண்ட அணியில் 15 சதவீதம் என்பது 30 விமானங்கள். புதிதாக ஒன்றுகூட வாங்காமல், உதிரி பாகங்களையும் பழுதுபார்ப்பு வசதிகளையும் காலத்தில் ஏற்படுத்தியிருந்தாலே ஏறத்தாழ இரண்டு படைப்பிரிவுகளுக்கு நிகரான பலம் கிடைத்திருக்கும். 2014 அக்டோபரில் லோகேகாவ் தளத்துக்குத் திரும்பும் வழியில் ஒரு சுகோய் விழுந்து நொறுங்கி, அதையடுத்து அந்த ரக விமானங்கள் அனைத்தும் சில வாரங்கள் தரையிலேயே நிறுத்தப்பட்டதையும் மறப்பதற்கில்லை.

இது இந்தியாவுக்கு மட்டுமே உரிய நோய் அல்ல. கனடா தனது பழைய எஃப்-18 விமானங்களுக்கு மாற்றாக அமெரிக்காவின் எஃப்-35 விமானத்தை வாங்கப்போவதாக 2010-இல் அறிவித்து, பின்னர் பின்வாங்கி, இடையில் ஆஸ்திரேலியாவிடமிருந்து பழைய விமானங்களை வாங்கிச் சமாளித்து, 2023-இல் மறுபடியும் அதே எஃப்-35 விமானத்துக்கே வந்து சேர்ந்தது. 88 விமானங்களுக்கு 1,900 கோடி கனடா டாலர் என்ற மதிப்பீடு 2,770 கோடியாக உயர்ந்துவிட்டது என்றும், ஆயுதங்களுக்கும் கட்டமைப்புக்கும் மேலும் 550 கோடி தேவை என்றும் அந்நாட்டுத் தணிக்கைத் தலைவர் 2025 ஜூனில் பகிரங்கமாக அறிவித்தார். தவறு அங்கும் நடந்தது. ஆனால், கணக்கு மக்கள் முன்னால் வைக்கப்பட்டது. அதனால் கனடாவின் பாதுகாப்பு குலைந்துவிடவில்லை.

2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புக்கு ரூ. 6.81 லட்சம் கோடி ஒதுக்கப்பட்டது. ஓய்வூதியத்துக்கு மட்டும் ரூ. 1.60 லட்சம் கோடி போக, புதிய தளவாடங்கள் உள்ளிட்ட மூலதனச் செலவுக்குக் கிடைத்தது ரூ. 1.80 லட்சம் கோடி. அதில் விமானங்களுக்கும் என்ஜின்களுக்கும் ரூ. 48,614 கோடி. கடற்படைக்காக 2025 ஏப்ரலில் ஒப்பந்தமான 26 ரஃபேல் விமானங்களின் மதிப்பே சுமார் ரூ. 63,000 கோடி. தொகை பல ஆண்டுகளுக்குப் பிரித்துத் தரப்படும் என்றாலும், கையில் உள்ள பணத்துக்கும் தேவைக்கும் உள்ள தூரம் இதிலிருந்தே விளங்கும். அனுமதிக்கப்பட்ட 42 படைப்பிரிவுகளில், மிக்-21 விலகியபோது எஞ்சியவை 29 மட்டுமே.

அடுத்து வரிசையில் நிற்பவை 1979-இல் வந்த ஜாகுவார், 1985-இல் வந்த மிராஜ்-2000, 1980-களின் பிற்பகுதியில் வந்த மிக்-29. 2025-இல் மட்டும் மூன்று ஜாகுவார் விமானங்கள் விழுந்து, மூன்று விமானிகள் உயிரிழந்தனர். மிக்-21 கதை மறுபடியும் நிகழக் கூடாது என்றால் சில காரியங்களைத் தள்ளிப்போட முடியாது. ஒவ்வொரு ரக விமானமும் எந்த ஆண்டு ஓய்வு பெறும், அதற்கு மாற்று எது என்பதைக் குறைந்தது பத்தாண்டுகளுக்கு முன்பே முடிவு செய்து, ஆட்சி மாறினாலும் அந்த முடிவு மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்கும் விலையோடு ஆயுதம், பயிற்சி, உதிரி பாகம், முப்பது நாற்பது ஆண்டுப் பராமரிப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்த முழுச் செலவை ஒப்பந்தத்துக்கு முன்பே நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். ரகசியம் காக்க வேண்டிய தொழில்நுட்ப விவரங்களை நிலைக்குழுவின் மூடிய அமர்வில் சொல்லலாம். மொத்தத் தொகையை மறைக்க எந்த அவசியமும் இல்லை.

ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்கும் தாமதத்துக்குப் பொறுப்பு நிர்ணயிக்கப்பட வேண்டும். நாசிக்கில் தேஜஸுக்கான மூன்றாவது உற்பத்திப் பிரிவு 2025 அக்டோபரில் தொடங்கப்பட்டிருப்பது நல்ல அறிகுறி. எனினும், என்ஜினுக்குப் பிறர் கையை எதிர்பார்த்திருக்கும் வரை எத்தனை பிரிவுகள் திறந்தாலும் கடிவாளம் நம்மிடம் இருக்காது.

விமானம் வாங்கத் தாமதித்த ஒவ்வோர் ஆண்டும் அரசுக்குச் செலவு மிச்சமானதாகத் தோன்றியது. அந்த மிச்சத்தை உயிரால் ஈடுகட்டியவர்கள் விமானிகள். வட்டியுடன் பணத்தால் ஈடுகட்டப்போகிறவர்கள் நிக்டியிலும் நெல்லையிலும் வரி செலுத்தும் சாதாரண மக்கள். அவர்களுக்குக் கணக்குக் காட்டுவது அரசு செய்யும் சலுகை அல்ல, கடமை.