பனி விழுந்தது பயிர்மேல்! பழி விழுவது நம்மேலா?

அன்பார்ந்த நீலகிரி மலைக் காய்கறி விவசாயப் பெருமக்களே!

கார்த்திகை பிறந்தால் நமக்கு வயிற்றில் புளி கரையுது. முதலில் நீர்ப்பனி, பின்னாலேயே உறைபனி. மேகமில்லாத, காற்று அடங்கின ராத்திரியில் குளிர் பள்ளத்தில் இறங்கித் தேங்குது. விடிஞ்சு பார்த்தால் கேரட், பீட்ரூட், உருளைத் தோட்டம் உப்புக் கொட்டின மாதிரி வெளுத்துக் கிடக்குது. வெயில் ஏற ஏற இலை கருகுது. கடைபோகத்தில் விதைத்தவனுக்குக் கிழங்கு பருக்கிற நேரத்தில் இந்த அடி!

நிவாரணம் கேட்டுப் போனால் என்ன பதில்? "கிழங்குதான் மண்ணுக்குள்ளே பத்திரமா இருக்குதே!" ஐயா, கிழங்குக்குச் சோறு போடுறதே இலைதான். இலை கருகினால் கிழங்கு அந்த அளவிலேயே நின்னுபோகும். கோலிக்குண்டு சைஸ் உருளையை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றினால் லாரி வாடகையாவது தேறுமா?

நாம் பிச்சை கேட்கவில்லை. 2012-லேயே மத்திய அரசு உறைபனியைப் பேரிடர் நிவாரணப் பட்டியலில் சேர்த்துவிட்டது. 33 சதவீதச் சேதம் இருந்தால் போதும் என்று 2015-ல் விதியையும் தளர்த்தியது. ஆனால் 2022-ல் வகுத்த தொகை பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்கு ஏழாயிரம்கூட வராது. விதை உருளைக்கிழங்குக்கே பத்தாதே!

2021 ஏப்ரலில் பிரான்சில் உறைபனி அடித்து, முளைத்து வந்த சர்க்கரை பீட் கருகிப்போய், விவசாயிகள் மறுபடி விதைத்தார்கள். அந்த அரசு அதை விவசாயப் பேரிடர் என்றே அறிவித்தது. அங்கே பனி பேரிடர், இங்கே மட்டும் விதியா?

நம்மிடமும் குறை உண்டு. பனி பட்ட அன்றைக்கே எழுதிக் கொடுக்காமல் விட்டுவிடுகிறோம். காய்ந்த தழையை உழுத பிறகு எதைக் காட்டுவது? இனி அன்றே படம் எடுப்போம், அன்றே மனு கொடுப்போம்.

நமது கோரிக்கைகள்:

1. பனி விழுந்த ஒரு வாரத்துக்குள் தோட்டத்தில் இறங்கிக் கணக்கெடு! இலையை மட்டும் பார்க்காதே, கிழங்கைத் தோண்டி எடை போடு!
2. சாகுபடிச் செலவுக்கு ஏற்ப நிவாரணத்தை உயர்த்து!
3. விடியற்காலையில் ஸ்பிரிங்ளர் ஓட்டத் தடையில்லா மின்சாரம் கொடு!
4. பயிர்க் காப்பீட்டுக்குக் குளிரை மேட்டில் அளக்காதே, பனி தேங்கும் பள்ளத்தில் அள!

சிட்டா, அடங்கல் நகலோடு அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு திரண்டு வாரீர்! தனியாகப் போனால் மனு, சேர்ந்து போனால் கோரிக்கை!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்