மேகப்புண் சூட்டால் வருவதல்ல

பிறப்புறுப்பில் புண் என்றால் வருசநாடு முதல் கம்பம் வரை நம் பக்கத்தில் சொல்லும் யோசனை ஒன்றுதான்: “உடம்புச் சூடு; இளநீர் குடி, எண்ணெய் தேய்த்துக் குளி, ஆறிடும்.” அந்தப் புண் சிபிலிஸ் என்னும் மேகப்புண்ணாக இருந்தால் இந்த யோசனை ஒரு குடும்பத்தையே கெடுக்கும்.

‘சூட்டால் வருகிறது’ என்கிறார்கள். இல்லை. திருகு வடிவப் பாக்டீரியா ஒன்றால் வருகிறது. 1905இல் ஜெர்மனியில் ஷௌடின், ஹாஃப்மான் இருவரும் அதைக் கண்டறிந்தனர். உடலுறவில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் கிருமி இளநீருக்கும் எண்ணெய்க்குளியலுக்கும் சாகாது.

‘வலியே இல்லை, பயப்பட ஒன்றுமில்லை’ என்கிறார்கள். சிபிலிஸின் முதல் புண் பெரும்பாலும் வலிக்காது. பெண்களுக்கு அது உள்ளே வந்தால் கண்ணிலேயே படாது.

‘தானாக ஆறிவிட்டதே’ என்பதுதான் வலுவான வாதம். உண்மைதான், 3 முதல் 6 வாரங்களில் புண் ஆறிவிடும். ஆனால் அதற்குள் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கும். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகள் வரலாம், அவையும் மறையும். அதன்பின் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இருக்காது. சிகிச்சை பெறாதவர்களில் சிலருக்கு 10, 20 ஆண்டுகள் கழித்துக்கூட இதயமும் மூளையும் பாதிக்கப்படும். இளநீர் ஆற்றியதாக நாம் நம்பும் புண், குடிக்காவிட்டாலும் ஆறியிருக்கும்.

‘ஒழுக்கம் கெட்டவர்களுக்குத்தான் வரும்’ என்பது கொடுமையான வாதம். கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாத மனைவிக்கும் வருகிறது. அவள் வயிற்றில் வளரும் பிள்ளைக்கும் போகிறது. பிள்ளை இறந்தே பிறக்கவும் கூடும். கர்ப்பிணிகளுக்கு இதற்கான ரத்தப் பரிசோதனை செய்வது இதனால்தான். நம் ஏச்சுக்குப் பயந்தே பலர் மருத்துவமனைப் படி ஏறுவதில்லை.

எல்லாப் புண்ணும் சிபிலிஸ் அல்ல, பரிசோதித்தால்தான் தெரியும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் 24 லட்சம் யூனிட் பென்சதைன் பென்சிலின், ஒரே தவணையில் போதும். நாள்பட்டிருந்தால் வாரம் ஒரு முறை, மூன்று வாரம். துணைக்கும் சிகிச்சை தராவிட்டால் மறுபடி தொற்றும்.

ஆண்டிபட்டியிலிருந்து தேனிக்குப் போகிற வழியில் க.விளக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்து விவரம் கேளுங்கள். புண் ஆறட்டும் என்று காத்திருக்காமல் கணவனும் மனைவியும் சேர்ந்தே போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.