வேலை கேட்டு வருபவரிடம் எதைக் கேட்கலாம்?

வேலை தேடி வரும் இளம்பெண்ணிடம் "திருமணம் ஆகிவிட்டதா?" என்று கேட்பது நமக்குச் சாதாரண விசாரிப்பாகத் தோன்றலாம். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையில், இக்கேள்விக்கு 'ஆம்' என்று சொன்ன பெண்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது.

இது புதிய கதையும் அல்ல. எல்.ஐ.சி. ஒரு காலத்தில் வேலைக்கு வந்த பெண்களிடம் கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, எத்தனை முறை கருவுற்றார் என்பதையெல்லாம் படிவத்தில் எழுதச் சொன்னது. மகப்பேறு விடுப்பு எடுத்த ஒரு பெண் தகுதிகாண் காலத்திலேயே நீக்கப்பட்டார். படிவத்தில் தவறான தகவல் தந்தார் என்றது நிர்வாகம். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் சேர்க்கச் சொன்னது. பெண்களைக் கூச வைக்கும் அக்கேள்விகளைப் படிவத்திலிருந்து நீக்கவும் சொன்னது.

விருப்பமிருந்தால் பதில் சொல்லட்டுமே என்பார்கள் சிலர். வேலை வேண்டி நிற்பவருக்கு ஏது விருப்பம்? மௌனமாக இருந்தாலே சந்தேகம்தான்.

நம் சிறுபான்மைப் பள்ளிகள் பங்குத்தந்தையின் கடிதம் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆனால் கணிதம் கற்பிக்க வரும் ஆசிரியையிடம் கணவரின் சம்பளத்தையும் குழந்தை பெறும் திட்டத்தையும் கேட்க என்ன காரணம்? வங்கிக் கணக்கு, குடும்ப விவரம் போன்றவற்றைப் பணி ஆணை கொடுத்தபின் வாங்கினால் போதுமே. பள்ளி நிர்வாகக் குழுக்களில் இருக்கும் நம் பங்கு மக்கள் அடுத்த நேர்காணலுக்கு முன் அந்தப் படிவத்தை ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.